இளைத்த இடையும் மடித்த உடையும்



உடல் பருத்தால் உடை பற்றாமற் போகும் என்பதை அறியாதவர் இல்லை. உடல் இளைத்தால் உடைக்கு என்ன நேரும் என்பதை அவ்வளவாக எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சட்டை தோளினின்று நழுவுகிறது. காற்சட்டை கச்சையை இறுக்க இறுக்க இடையைச் சுற்றிச் சாக்குப் பை வாய்போல் சுருங்குகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதற்கு ஓர் உவமை சொல்வார்கள்: பச்சை ஏலக்காய் அளந்த சாக்கில் உலர்ந்த காயைப் போட்டது போல என்று. பச்சைக் காய் 5 கிலோ உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும் என்பதை அறிந்தவர்கள் அந்த உவமையின் அருமையை உணர்வார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட உடை, ஸ்காட்லாந்து நாட்டு ஆடவர் அணியும் கில்ட் என்பது. போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கும் ஒருவனுக்கும் கில்ட்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம்; கேட்பது நியாயமே. நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் காரணமாக எங்கள் ஊர்ப் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டதுண்டு; உடையின் காரணமாக ஒருபோதும் அடிபட்டதில்லை.

ஆயினும் தொடர்பு உண்டு. எங்களுக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடருக்கு அப்பால், மூணாற்றைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களை நெடுங்காலம் நடத்தியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1897இல் அமைந்த கண்ணன் தேவன் மலை நிறுவனத்தின் பின்னே நின்றது, கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம். அங்கே விளைந்த தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகச் சிறு இரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கிக் கொட்டகுடிக்கு வந்தது. பிறகு வண்டியேறிப் போடிநாயக்கனூர் சேர்ந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலை இரயிலை அழித்துவிட்டது. தேயிலைப் பெட்டிகள் இறங்கிய அந்த வழியின் மறுமுனையில் இருந்த துரைமாரின் தாயகத்து விழா உடைதான் கில்ட்.

இது பழைய தொடர்பு. இன்றும் உயிரோடு இருக்கும் தொடர்பு ஒன்று உண்டு. அது பைக்குழல் வாத்தியம். நம்மவர் துத்தி என்று வழங்கிய சுருதிக் கருவியின் இனத்தைச் சேர்ந்தது இது. 1947க்குப் பின்னும் நமது இராணுவப் படைப்பிரிவுகள் பல இந்த வாத்தியத்தைக் கைவிடவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றில் வாசிப்போர் காற்சட்டை அணிந்து, தோளில் கட்டம்போட்ட துணியைச் சார்த்திக்கொள்வது வழக்கம். ஆனால் பள்ளிகளையும் காவல் துறையையும் சேர்ந்த சில வாத்தியக் குழுக்கள் கில்ட்டையே சீருடையாகக் கொண்டிருக்கின்றன. இத்தகைய உடைகளும் குழல்களும் மிகுதியாகச் செய்யப்படும் ஊர் பாகிஸ்தானிலுள்ள சியால்கோட் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆகவே இளைத்தவருக்குக் கில்ட்டைப் பொருத்தித் தரும் வேலை நம் ஊர்த் தையற்காரருக்கு வரவே வராது என்று சொல்வதற்கில்லை. எனக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த உடையின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். கில்ட் என்றவுடன் பாவாடை என்று நினைத்துவிட வேண்டாம். பாவாடை வளையமாக மூடித் தைக்கப்படுவது. கில்ட் மூடப்படாதது, நீண்ட ஒரே துணி, வேட்டியைப் போல இடையைச் சுற்றி வருவது. நல்ல கில்ட்டுக்கு 8 கஜம் கம்பளித் துணி வேண்டும். அதாவது 16 முழம். நம் பாட்டிமார் உடுத்திய மடிசார்ப் புடைவை 18 முழம் என்பதை நினைத்துப் பாருங்கள்; ஏறத்தாழ ஒரே கணக்குத்தான். நெசவில் அகலமாக வரும் துணியில் 4 கஜம் வாங்கி, அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஒன்றோடொன்று இணைத்து 8 கஜம் ஆக்குவது தொன்றுதொட்ட முறை. துணியின் கரையே உடையின் அடி விளிம்பாக அமைவதால் கீழே மடித்தடிக்கும் வேலை இல்லை.

இந்த 8 கஜத்தின் இரு முனைகளும் மடிப்பில்லாமல் தட்டையாக விடப்படுகின்றன. ஒரு முனை உள்ளே வயிற்றின் மேல் படிகிறது. மறுமுனை அதன் மேல் வந்து முன்புறத்தை மூடுகிறது. இவற்றை உள்முகப்பு, மேல்முகப்பு என்று சொல்லிக்கொள்வோம். இடையே உள்ள துணி முழுவதும் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை, முதுகுப்புறமாகக் கொசுவங்களாக மடிக்கப்படுகிறது. நம் புடைவையில் கொசுவம் முன்னே, கில்ட்டில் பின்னே. இன்னொரு வேற்றுமையும் உண்டு. புடைவைக் கொசுவத்தை ஒவ்வொரு நாளும் புதிதாக மடிக்கிறோம். கில்ட்டின் கொசுவம், இடையிலிருந்து இடுப்பின் அகன்ற பகுதி வரை ஏறத்தாழ 8 அங்குல உயரத்துக்குக் கையால் தைத்து நிலைநிறுத்தப்பட்டது. அதற்குக் கீழே முழங்கால் வரை மடிப்புகள் கட்டின்றி ஆடும்.

மேல்முகப்பு அணிபவரின் வலப்பக்கத்தில் முடிகிறது. அங்கே தோல் வார்கள் இரண்டும் அவற்றை மாட்ட இரண்டு பக்கிள்களும் உண்டு. உள்முகப்பின் முனையில் தைத்த மூன்றாவது வார், இடப்பக்கத்துப் பட்டியில் காஜா போல அமைந்த ஒரு துளையின் வழியே வெளிவந்து, அங்கேயுள்ள பக்கிளில் மாட்டப்படும். சட்டைப்பை போல எதுவும் கிடையாது. ஆகையால் இடையிலிருந்து தோற்பை ஒன்றை முன்னே தொங்கவிட்டுக்கொள்வார்கள். நம் கிழவிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பைக்கு அது அண்ணன் முறை எனலாம்.

இந்த உடைக்குத் தையல் வந்த கதையைச் சற்றுக் கேளுங்கள். தொடக்கத்தில் அதற்குத் தையலே கிடையாது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டார், போர்வை போன்ற நீண்ட கம்பளியை இடையில் கொசுவி, கச்சையால் கட்டி, எஞ்சியதைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். கில்ட் என்னும் சொல்லுக்கே வரிந்து கட்டுதல், தூக்கிச் செருகுதல் என்பது பழம்பொருள். அந்தக் காலத்தில் எவனாவது இளைத்தால் உடையைத் திருத்த வேண்டியதில்லை. மறுநாள் காலையில் இன்னும் இரண்டு கொசுவம் கூடுதலாக வைத்துக் கச்சையை இறுக்கிக்கொண்டால் போதும். 18ஆம் நூற்றாண்டில் மேற்பகுதி நீக்கப்பட்டு, இடைக்குக் கீழுள்ள பகுதி மட்டும் தனி உடையாயிற்று. பிறகு கொசுவங்களைத் தைத்துவிடும் வழக்கமும் வந்தது. 1746இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், படைவீரர் ஒழிந்த ஏனைய ஆடவர் இந்த உடையை அணியலாகாது என்று தடுத்தது. 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது தாமே கில்ட் அணிந்து தோன்றவே, அது நாட்டின் பெருமைக்குரிய உடை ஆகிவிட்டது. அந்த மன்னர் பருமனுக்குப் பெயர் பெற்றவர். அவருடைய தையற்காரருக்கு இளைத்தலைப் பற்றிய கவலை சிறிதும் இருந்திராது.

தையல் வந்ததும் அளவு வந்தது. அளவு வந்ததும் பொருந்தாமையும் வந்தது. 8 முழ வேட்டி ஒல்லிக்கும் பொருந்தும், பருமனுக்கும் பொருந்தும். தைத்த உடை ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட உடலுக்கு எடுத்த அளவு. அந்த உடல் மாறினால் உடை தானாக மாறாது. ஆனால் எல்லாத் தைத்த உடைகளும் இவ்வகையில் ஒன்றல்ல. காற்சட்டையை வெட்டும்போது எஞ்சிய துணி கத்தரியின் கீழே துண்டாக விழுந்துவிடுகிறது. கில்ட்டில் துணி பெரும்பாலும் வெட்டப்படாமல், மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு உடையிலேயே தங்கியிருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, “உள்ளே துணி விட்டுத் தையுங்கள்” என்று சொல்கிறார்கள் அல்லவா? தையற்காரரும் பக்கங்களில் இரண்டு மூன்று வரித் தையல் போட்டுக் கொடுக்கிறார். உடல் பருத்தால் ஒரு வரியைப் பிரித்துக்கொள்ளலாம். வளரும் பெண்ணின் பாவாடைக்குக் கீழ்ப்புறத்தில் மடிப்பு வைத்துத் தைப்பதும் இதே சேமிப்புத்தான். இந்தச் சேமிப்பு மற்ற உடைகளில் சில அங்குலம்; கில்ட்டில் பல கஜம்.

இனி, இளைத்தவருடைய கில்ட்டைக் கையில் எடுத்த தையற்காரர் செய்ய வேண்டியது என்ன? கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த இளைப்பு நிலைக்கக்கூடியதா, திரும்பிவிடக் கூடியதா? காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் இரண்டு மூன்று மாதத்தில் பழைய உடலைப் பெரும்பாலும் பெற்றுவிடுவார். மருத்துவர் சொல்லி, உணவைக் குறைத்து, நாள்தோறும் நடந்து மெலிந்தவர் அந்த மெலிவை நிலைநிறுத்தவே விரும்புவார். காரணம் ஒன்றும் விளங்காமல் ஒருவர் மெலிந்துகொண்டே வந்தால், அவர் போக வேண்டிய இடம் தையற்கடை அன்று, மருத்துவமனை. இதை நான் என் மாணாக்கருக்குப் பாடமாகவே சொல்வதுண்டு. ஒருவருடைய இடை மாறுவதை வீட்டாருக்கு முன்பே கண்டுகொள்பவர் சில வேளைகளில் தையற்காரர்தாம். சென்ற முறை குறித்த அளவு நம் நோட்டில் இருக்கிறதல்லவா!

அடுத்தது அளவு. கில்ட் காற்சட்டையைப் போல இடுப்பில் தங்குவதன்று. அதற்கு மேலே, கொப்பூழ் மட்டத்தில் நிற்பது. ஆகவே காற்சட்டையின் அளவைக் கொண்டு கணக்கிட்டால் தவறு நேரும். இஞ்ச் டேப்பைக் கொப்பூழைச் சுற்றி ஒரு முறையும், இடுப்பின் மிக அகன்ற இடத்தைச் சுற்றி ஒரு முறையும் வைத்துப் பார்க்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லக் கூடாது. இரண்டு அளவும் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மெலியும்போது வயிறும் இடுப்பும் ஒரே அளவில் குறைவதில்லை. சிலருக்கு வயிறு 4 அங்குலம் வற்றியிருக்கும், இடுப்பு 2 அங்குலம்தான் குறைந்திருக்கும்.

குறைவு சிறிதாயின் துணியைத் தொடவே வேண்டாம். வார்களில் பல துளைகள் இருக்கும். அடுத்த துளைக்குப் போனால் தீர்ந்தது. அதற்கும் மேற்பட்டு, ஏறத்தாழ 2 அங்குலம் வரையில் பக்கிளை நகர்த்திச் சரிசெய்யலாம். வலப்பக்கத்துப் பக்கிள்களைப் பிரித்து ஓர் அங்குலம் பின்னே தள்ளித் தைக்க வேண்டும். இடப்பக்கத்துப் பக்கிளையும் அதே அளவு பின்னே தள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 2 அங்குலம் தள்ளினால் வேலை பாதியாகுமே என்று சிலர் எண்ணுவார்கள். அப்படிச் செய்தால் மேல்முகப்பின் நடுக்கோடு உடலின் நடுவில் நில்லாமல் ஒருபுறம் ஒதுங்கிவிடும். கட்டம்போட்ட துணியில் இந்தக் கோணல் நூறடி தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கும் தெரியும்.

என்னிடம் வந்த வேலை இந்த வகையைச் சேர்ந்தது. என் தமக்கை மகன் ஒரு வாத்தியக் குழுவில் பைக்குழல் வாசிப்பவன். டிசம்பரில் டைஃபாய்டு கண்டு ஊருக்கு வந்து கிடந்தான். எழுந்தபோது 36 அங்குல இடை 33 ஆகியிருந்தது. ஜனவரி 26இல் அணிவகுப்பு; இடையில் மூன்று வாரங்கள்தாம். கில்ட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்து, “மாமா, எப்படியாவது பிடித்துத் தைத்துக் கொடுங்கள். இடுப்பில் நிற்காவிட்டால் வரிசையில் நிற்க விடமாட்டார்கள்” என்றான். உடனே, “ஆனால் கத்தரி மட்டும் வைக்கக் கூடாது. இது என் சொந்த உடை அல்ல. எனக்குப் பிறகு இன்னொருவன் போட வேண்டியது” என்றும் சொன்னான். பையன் விவரம் தெரிந்தவன் என்று எனக்கு மகிழ்ச்சி. ஊதுபவனுக்கு வயிறு உள்ளே ஒடுங்கியும் வெளியே விரிந்தும் வேலை செய்ய வேண்டும். உடையை அளவுக்கு மீறி இறுக்கினாலும் மூச்சு முட்டும். தளர்ந்தாலோ, நடைபோடும்போது உடை மெல்ல மெல்லச் சுழன்று, பின் கொசுவம் பக்கத்துக்கு வந்துவிடும். குழலைப் பிடித்த இரண்டு கைகளால் அதைத் திருப்பிவிட வழியில்லை.

குறைக்க வேண்டியது 3 அங்குலம். பக்கிள்களைப் பக்கத்துக்கு ஓர் அங்குலமாகப் பின்னே தள்ளியதில் 2 அங்குலம் தீர்ந்தது. பழைய தையல் நூலை மெல்லப் பிரித்து, பக்கிள் இருந்த இடத்தை வெள்ளை நூலால் அடையாளம் வைத்துக்கொண்டேன். மூன்றாவது அங்குலத்துக்கு வார்த் துளைகள் உதவின. மேல்முகப்பின் ஓரம் இப்போது முதல் கொசுவத்தைச் சற்று மூடியது. உற்றுப் பார்த்தால் தெரியும், அணிவகுப்பில் தெரியாது. உள்முகப்பு வார் வெளிவரும் துளை சிறிது இழுத்தது. இன்னும் நகர்த்த நேர்ந்திருந்தால் பழைய துளையை மூடித் தைத்துப் புதுத் துளை போட வேண்டியிருந்திருக்கும். நான் அதற்குப் போகவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அவன் மறுபடி வந்தபோது உடல் தேறிவிட்டிருந்தது. வெள்ளை நூல் அடையாளம் இருந்த இடத்திலேயே பக்கிள்களைத் திரும்பத் தைக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

ஆனால் மெலிவு நிலைத்தது, அதுவும் 4 அங்குலம், 5 அங்குலம் என்றால் இந்த முறை உதவாது. பக்கிளை மேலும் மேலும் பின்னே தள்ளிக்கொண்டே போனால், கொசுவங்கள் முதுகுப்புறத்தில் அடங்காமல் இருபுறமும் முன்னே பிதுங்கி வரும். அவற்றின் மேல் முகப்பு ஏறி உட்காரும். இடையில் கம்பளி தடித்த மூட்டையாகச் சேரும். அப்போது கொசுவத்தையே பிரித்துத் தைக்க வேண்டும். இதுதான் இந்தக் கலையின் கடினமான பகுதி. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பயப்படாதீர்கள், நம் பாட்டனார் காலத்துப் பின்ன வாய்பாடே போதும்.

36 அங்குல இடையும் 40 அங்குல இடுப்பும் உடைய ஒருவரின் கில்ட்டில் 24 கொசுவங்கள் இருப்பதாகக் கொள்வோம். இடை மட்டத்தில் முகப்பு 18 அங்குலம், கொசுவப் பகுதி 18 அங்குலம். 18ஐ 24ஆல் வகுத்தால், வெளியே தெரியும் ஒவ்வொரு கொசுவத்தின் அகலமும் முக்கால் அங்குலம். இடுப்பு மட்டத்தில் கொசுவப் பகுதி 21 அங்குலம். ஆகவே அங்கே ஒவ்வொன்றும் முக்காலே அரைக்கால் அங்குலம். மேலிருந்து கீழே வர வர ஒவ்வொரு கொசுவமும் அரைக்கால் அங்குலம் விரிகிறது. இவ்வாறு விரிவதனால்தான் உடை உடலின் வளைவோடு ஒட்டி நிற்கிறது. இப்போது அவர் மெலிந்து இடை 32, இடுப்பு 36 ஆகிவிட்டார். ஒவ்வொரு கொசுவத்திலும் அரைக்கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தால் என்ன ஆகும்? இருபத்துநான்கு அரைக்கால் 3 அங்குலம். இடையில் தேவைப்பட்ட 4இல் 3 தீர்ந்தது. எஞ்சிய ஓர் அங்குலத்தை முகப்பின் இரு பக்கமும் அரை அரை அங்குலமாகப் பக்கிளை நகர்த்தி ஈடுசெய்துவிடலாம். இடுப்பிலும் அப்படியே. கண்ணுக்கே புலப்படாத அரைக்கால் அங்குலம், இருபத்துநான்கு முறை சேர்ந்ததும் ஒரு மனிதனின் இடையளவையே மாற்றிவிடுகிறது. வகுப்பில் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டும்போது, பின்னம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

கணக்கு எளிது; கை வேலை எளிதன்று. முதலில் இடைப் பட்டியையும், உட்புறத் துணியையும், அதற்கடியில் விறைப்புக்காக வைத்த கான்வாஸையும் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கொசுவமாகத் தையலைப் பிரித்து, புதிய கோட்டைச் சாக்குக்கட்டியால் வரைந்து, ஓட்டுத்தையல் போட்டு நிறுத்தி, அதன்மேல் நெருக்கமான கைத்தையல் போட வேண்டும். ஒரு கொசுவத்துக்கு 8 அங்குலம் என்றால் 24 கொசுவத்துக்கு 192 அங்குலம். அதாவது 16 அடி நீளம் கைத்தையல். இயந்திரத்தில் அடித்துவிடலாமே எனில், இயந்திரத்தின் இழுப்பில் கட்டங்கள் ஏறி இறங்கிவிடும். ஒரு கொசுவத்தின் குறுக்குக் கோடு அடுத்த கொசுவத்தின் குறுக்குக் கோட்டோடு ஒரே மட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும்.

கட்டங்களைப் பற்றி இங்கே ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். கில்ட் துணியில் பல நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஒரு முறைப்படி வந்து, அந்த முறை திரும்பத் திரும்ப வரும். கொசுவம் மடிப்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மடித்த பின்னும் முதுகுப்புறத்தில் அந்தக் கட்டம் அறுபடாமல் தொடர்ந்து தெரியும்படி மடிப்பது. மற்றொன்று, ஒவ்வொரு கொசுவத்தின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி மடிப்பது. படைப்பிரிவுகளில் பெரிதும் கையாளப்பட்டது இந்த இரண்டாவது முறை. திருத்துபவருக்கு இதுவே எளிது. நடுக்கோட்டை அசைக்காமல் இரு ஓரங்களிலும் சமமாகக் குறைத்துவிடலாம். அரைக்கால் அங்குலம் குறைக்க வேண்டுமானால் ஓரத்துக்கு வீசம். முதல் முறையில் மடித்ததாயின், ஒவ்வொரு கொசுவத்தின் ஓரத்திலும் சில இழைகள் மறைந்து, கட்டம் சற்று நெருங்கித் தோன்றும். ஒரே சீராக நெருங்கினால் கண் அதை ஏற்றுக்கொள்ளும். ஒன்றில் கூடுதலாகவும் ஒன்றில் குறைவாகவும் குறைத்துவிட்டால், எங்கே பிழை என்று சொல்லத் தெரியாதவரும் ஏதோ பிழை என்று சொல்வார்.

வேலை இவ்வளவு என்பதால், புதிது வாங்கிவிட்டால் என்ன என்னும் கேள்வி எழுவது இயல்பு. 8 கஜம் நல்ல கம்பளியின் விலையைக் கேட்டவர்கள் அந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்பதில்லை. மேலும், நன்றாகத் தைத்த கில்ட் தந்தை அணிந்து மகன் அணிவது. நாள் செல்லச் செல்லத் துணி தளர்வதில்லை. என் கருத்தில், மெலிவு ஆறு மாதமாவது நிலைத்த பின்பே கொசுவத்தைப் பிரிக்க வேண்டும். அதுவரை பக்கிளால் காலம் தள்ளுவதே முறை. பிரித்தாலும் மிகுந்த துணியை வெட்டி எறியக் கூடாது. சில தையற்காரர்கள் இடையில் தடிப்பு ஏற்படாதிருக்கக் கொசுவத்தின் உட்புறத்தில் மேல்பகுதியை வெட்டிவிடுவதுண்டு. பார்வைக்கு அது அழகுதான். ஆனால் அணிபவர் பின்னர் பருத்தால் வெளியே விடத் துணி இராது. கை மாறி வரும் சீருடைக்கு அந்த அழகு வேண்டாம்.

தையல் முடிந்ததும் பழைய மடிப்பின் தழும்பு வரிவரியாகத் தெரியும். இங்கே கம்பளியின் இயல்பு நமக்கு உதவுகிறது. கம்பளி இழை, நம் தலைமயிரைப் போலவே, கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் மெல்லிய பிணைப்புகளில் சில, ஈரத்தாலும் வெப்பத்தாலும் நெகிழ்ந்து விடுகின்றன. அந்நிலையில் துணியை எப்படி வைத்துக் குளிரவிடுகிறோமோ அப்படியே அவை மறுபடி பிணைந்துகொள்கின்றன. ஆகவே முதலில் எல்லாக் கொசுவங்களையும் அடி வரை ஓட்டுத்தையலால் நேராகப் பிடித்துவிட வேண்டும். பிறகு ஈரத் துணியை மேலே விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். இழுத்துத் தேய்த்தால் கட்டம் கோணும். பழைய தழும்பு மறைய மறுத்தால் அந்த ஈரத் துணியை நீர் கலந்த வினிகரில் நனைத்து அழுத்துவது தையற்காரர்கள் கையாளும் உபாயம். அழுத்திய பின் உடனே தூக்கிவிடாமல் நன்றாகக் குளிரும்வரை பலகையிலேயே கிடக்க விடவேண்டும். பொறுமையில்லாத மாணாக்கர் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மெலிந்தவருக்கு நீளமும் பார்க்க வேண்டும். வயிறு வற்றிய பின் உடை சற்றுக் கீழே இறங்கி நிற்கும். முழங்காலின் நடுவை அடி விளிம்பு தொட வேண்டியது மரபு. அது முழங்காலை மூடிவிட்டால், புதிதாகப் பட்டி வைக்கும்போது மேல்புறத்தில் கால் அங்குலமோ அரை அங்குலமோ உள்ளே கொடுத்துத் தைக்கலாம். அடியில் மடித்துத் தைக்கக் கூடாது. கரையின் நேர்மை கெட்டு, கொசுவங்கள் ஆட வேண்டிய இடத்தில் விறைத்துக்கொள்ளும்.

இவ்வளவு பாடுபட்டுத் திருத்திய உடையை எங்கள் மலையடிவாரத்து மழைக்காலத்தில் காப்பது வேறு ஒரு வேலை. ஈரம் பட்ட கம்பளியைப் பெட்டியில் போட்டுவிட்டால் பூஞ்சணம் பற்றும். உலர்ந்ததைக் காப்பின்றி வைத்தால் அந்துப்பூச்சி அரிக்கும். நிழலில் நன்கு உலர்த்தி, கொசுவங்களை ஓட்டுத்தையலால் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவதுபோல் நீளவாக்கில் சுருட்டி, பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அந்துருண்டை போட்டு வைப்பது நல்லது. வெளியே எடுக்கும்போது அந்த ஓட்டுத்தையலைப் பிரிக்கவும் மறக்கக் கூடாது. என் தமக்கை மகன் சொன்னான்: அவன் குழுவில் ஒருவன் பிரிக்க மறந்து அணிவகுப்புக்கு வந்து, முழங்கால்களைக் கட்டிவிட்ட கோழிபோல முதல் பத்தடி நடந்தானாம்.